மாயக்கதையும் நீலியின் கண்ணீரும்

‘நீலிக்கண்ணீர்’ என்னும் சொல் தமிழர் சென்ற இடமெல்லாம் உடன் சென்றிருக்கிறது. பொய்யாக அழுவோரைக் கடிந்துகொள்ள நாம் இச்சொல்லை ஆள்கிறோம். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கும், மும்பை மாதுங்காவில் மூன்றாம் தலைமுறையாக வாழும் குடும்பத்திற்கும் இதன் பொருள் தெரியும். ஆயின் அந்த நீலி யார், அவள் ஏன் அழுதாள் என்று வினவினால் விடை கூறக்கூடியவர் வெகு சிலரே. சொல் பெட்டியோடு பயணம் செய்தது. கதை ஊரிலேயே தங்கிவிட்டது.

மாயக்கதை படைத்த எழுத்தாளர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உலகில் நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் கதையை மாயக்கதை என்கிறோம். கல் பெண்ணாகிறது, பேய் வழக்குரைக்கிறது, கடவுள் காப்பி அருந்துகிறார். இவற்றைக் குழந்தைகளுக்கு உரியவை என்று ஒதுக்கும் வழக்கம் படித்தவர்களிடையே உண்டு. ஆனால் 1726ஆம் ஆண்டில் விரலளவு மனிதரின் நாட்டைப் படைத்த ஜோனதன் ஸ்விஃப்ட், குழந்தைகளை மகிழ்விக்கவா எழுதினார்? அவர் இங்கிலாந்தின் அரசியலாரை நகையாடினார். 1915ஆம் ஆண்டில், ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கண் விழிக்கும் விற்பனையாளனின் கதையைச் சொன்ன காஃப்கா, உழைக்க இயலாதவனைக் குடும்பமே எப்படிக் கைவிடுகிறது என்பதைக் காட்டினார். நேரே சொன்னால் நாம் செவி சாய்க்க மறுக்கும் செய்திகள் சில உண்டு. அவற்றைச் சுற்றுவழியில் கொண்டுவந்து சேர்ப்பதே பெரிய மாயக்கதையாளரின் தொழில்.

நம்மவரின் மாயக்கதைகளில் அவ்வாறு மீண்டும் மீண்டும் வந்து நிற்பவள் ஒருத்தி: தீங்கிழைக்கப்பட்டு, நீதி கிடைக்காமல், இயற்கை கடந்த உருவில் திரும்பி வரும் பெண். அவளை ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார் என்று பார்த்தால், அந்த ஆசிரியரின் உள்ளமும் அவர் காலத்தின் உள்ளமும் நமக்குத் தெரியவரும்.

இதனை ஆராயத் திருவனந்தபுரம் தகுந்த இடம். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நகரம் இது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனைத் தெருக்களிலும் தமிழ் கேட்கும். நகுலன், ஆ. மாதவன், நீல பத்மநாபன் முதலிய தமிழ் எழுத்தாளர்கள் இந்நகரில் வாழ்ந்து எழுதியவர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கல் இடம் மாறியது. கதைகள் மாறவில்லை. அவை இன்றும் இருபுறமும் போய்வருகின்றன.

முதலில் கண்ணகியைக் காண்போம். திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றின் கரையருகே ஆற்றுகால் பகவதி கோயில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி, கொடுங்கல்லூர் செல்லும் வழியில் இங்கே தங்கினாள் என்பது மக்கள் நம்பிக்கை. கும்ப மாதத்தில் பத்து நாள் நடைபெறும் திருவிழாவின் ஒன்பதாம் நாளில், பெண்கள் நகரத்துத் தெருக்களிலெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் இடுகின்றனர். 2009ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவேடு குறித்துள்ளது. விழாநாள்களில் கண்ணகியின் வரலாறு தோற்றம்பாட்டாகப் பாடப்படுகிறது. பாண்டியனைத் தேவி வதைக்கும் பகுதி பாடி முடிந்த பின்னரே பொங்கல் அடுப்பில் தீ மூட்டப்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தோற்றம்பாட்டில் தேவியே மன்னனைக் கொல்கிறாள். இளங்கோவடிகள் அவ்வாறு பாடவில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள்; மாணிக்கப் பரல் தெறிக்கிறது; தான் தவறிழைத்ததை உணர்ந்த பாண்டியன் தானே உயிர் துறக்கிறான். அவனைக் கொன்றது எந்தப் படைக்கலமும் இல்லை. அவனது மனச்சான்றே அவனைக் கொன்றது. அதன் பிறகுதான் நகரம் எரிகிறது, நகரத் தெய்வம் நேரில் வந்து பேசுகிறது, மலைநாட்டு வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகியை வான ஊர்தி ஏற்றிச் செல்கிறது. முதலில் மனிதனின் மனச்சான்று; பின்னர் மாயம். இந்த வரிசைதான் இளங்கோவின் பெருமை. தவற்றை ஒப்புக்கொள்ளும் அரசன் ஒருவனை முன்னே நிறுத்திவிட்டு அவர் அற்புதங்களைத் தொடங்குகிறார். ஆதலால் அற்புதங்களையும் நாம் நம்பிவிடுகிறோம்.

கண்ணகியே ஊர் பெயர்ந்து வாழ்ந்தவள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புகாரில் பிறந்து, பிழைப்புத் தேடி மதுரை சென்று, சேர நாட்டில் தெய்வமானவள் அவள். இடம் பெயர்ந்த தமிழர்க்கு அவளினும் மூத்த முன்னோர் யார்?

இளங்கோவடிகளோடு ஒருங்கே எண்ணத்தக்கவர் மணிமேகலை பாடிய சாத்தனார். அந்நூலில் மாயம் மிகுதி. மணிமேகலை வான்வழியே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் வான்வழிச் செல்லும் மந்திரமும் பெறுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அடைகிறாள். இத்தனை ஆற்றலையும் அவள் எதற்குப் பயன்படுத்துகிறாள் என்று சாத்தனாரைக் கேளுங்கள். யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகையின் பசியைத் தீர்க்கிறாள். ஊர் அம்பலத்தில் இரவலர்க்குச் சோறிடுகிறாள். மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். பல நாட்டு மாயக்கதைகளில் மாயப்பொருள் பொன்னைத் தரும், அல்லது பகைவனை அழிக்கும். சோறு போடும் மாயப்பொருளைக் காவியத்தின் நடுவில் வைத்தவர் நம் சாத்தனார்.

இனி நீலியின் கதைக்கு வருவோம். இது பல வடிவங்களில் வழங்குகிறது, சாரம் இதுதான். ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மாண்டவள் பழி தீர்க்கும் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்ப் பக்கம் அவன் வரும்போது, நீலி அவன் மனைவி போன்ற வடிவத்தில் அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியிருக்கிறாள். அவன் அஞ்சி ஓடி, ஊர் வேளாளர் எழுபதுபேர் கூடிய அவையில் அடைக்கலம் புகுகிறான். நீலியும் அங்கே வந்து, கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுவதாகக் கண்ணீர் பெருக்குகிறாள். அவையோர் அவள் கண்ணீரை நம்புகின்றனர். “உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபதின்மரும் உயிர் கொடுப்போம்” என்று வணிகனுக்கு வாக்களித்து இருவரையும் ஒரே இல்லத்தில் தங்கச் செய்கின்றனர். விடிந்து பார்த்தால் வணிகன் மாண்டு கிடக்கிறான். வேளாளர் எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகின்றனர்.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையைச் சுட்டுகிறார். எனவே இதன் பழமை நமக்குத் தெளிவாகிறது. நாட்டார் இதனை வாக்குத் தவறாமையின் கதையாகவும், வஞ்சனையின் கதையாகவும் போற்றி வந்தனர். இதனை முற்றிலும் வேறு வழியில் திருப்பிய ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ‘நீலகேசி’ என்னும் அவர் நூல் கிட்டியிருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான அச்சமண நூலில், பேயாகிய நீலி முனிவர் ஒருவரை அச்சுறுத்த வருகிறாள். முனிவர் அஞ்சவில்லை. அவர் அறிவுரையால் அவள் கொலைத் தொழிலை விட்டு அறம் கற்கிறாள்; பின்னர் ஊர் ஊராகச் சென்று, பிற சமயத்து ஆசிரியர்களோடு வாதிட்டு வெல்கிறாள்.

இதன் புதுமையை எண்ணிப் பாருங்கள். கத்தியால் பழி வாங்கிய பேய்க்கு இவ்வாசிரியர் தருக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அவை நடுவே பெண்ணொருத்தி எழுந்து நின்று ஆசான்மாரை மடக்குவதைக் காட்ட, அவருக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. அக்காலத்தில் மானிடப் பெண்ணுக்கு அரிதாகவே கிடைத்த மேடை பேய்க்கு எளிதில் கிடைத்தது.

தெற்கே வரவர நீலி பெயரும் உருவும் மாறுகிறாள். வடமொழியில் ‘யக்ஷி’ எனப்படுபவள் தமிழில் ‘இயக்கி’ ஆனாள். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் அச்சொல் ‘இசக்கி’ என மருவியது. ஆரல்வாய்மொழிக் கணவாயருகே உள்ள முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் புகழ் பெற்றது. அவ்வழியே செல்லும் வண்டியோட்டிகள் நிறுத்தி வணங்கிச் செல்வதை இன்றும் காணலாம். இசக்கியின் கையில் குழந்தை இருக்கும். குழந்தைப் பேறு வேண்டுவோர் அவளிடமே நேர்ந்துகொள்கின்றனர். மலையாளம் பேசுவோர் ‘யட்சி’ என்று சொல்லி அஞ்சுகிறவளும், தமிழர் ‘இசக்கி’ என்று சொல்லி ஆண்டுதோறும் பொங்கலிடுகிறவளும் சொல்லளவில் ஒருத்தியே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு இது வியப்பூட்டும் செய்தி. ஒரே சொல் ஒருபுறம் அச்சமாகவும் மறுபுறம் தாய்மையாகவும் பெயர்க்கப்பட்டிருக்கிறது.

மலையாளத்து யட்சிக் கதைகள் பலவற்றை எழுத்தில் ஏற்றியவர் கொட்டாரத்தில் சங்குண்ணி. 1855ஆம் ஆண்டு பிறந்து 1937இல் மறைந்த இக்கோட்டயத்துப் பெரியவர், ‘ஐதிகமாலை’ என்ற பெயரில் எட்டுப் பகுதிகள் வெளியிட்டார். முதற்பகுதி வெளிவந்த ஆண்டு 1909. மந்திரவாதிகள், மருத்துவர்கள், புலவர்கள், யானைகள், யட்சிகள் என நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் அதில் அடங்கும். கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறித்துவப் பாதிரியார் மந்திரத்தில் வல்லவர். திருவனந்தபுரத்திற்கும் பத்மநாபபுரத்திற்கும் இடைப்பட்ட காட்டுவழியில் மக்களைக் கொன்றுவந்த யட்சி ஒருத்தியை அவர் இரும்பாணி அறைந்து அடக்கினார் என்பது அந்நூற்கதைகளுள் ஒன்று. ஆணி அறையப்பட்டதும் அவள் எளிய பணிப்பெண் போலாகிவிடுகிறாள். பின்னர் மூதாட்டி ஒருத்தி அவள் தலையைக் கோதும்போது ஆணியைக் கண்டு, இரக்கத்தோடு பிடுங்கிவிடுகிறாள். யட்சி மீண்டும் விடுதலை அடைகிறாள்.

சங்குண்ணி இக்கதையைச் சிரிப்பும் நிதானமும் கலந்த நடையில், ஊர்ப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து சொல்வது போலச் சொல்கிறார். தம் கருத்து எதையும் அவர் புகுத்துவதில்லை. ஆயினும் அறைந்தவர் ஆணாகவும் பிடுங்கியவள் மூதாட்டியாகவும் இருப்பதை வாசகர் கவனிக்காமல் இருக்க இயலாது. தொகுப்பாசிரியரும் ஓர் ஆசிரியரே என்பதற்கு அவர் சான்று. அவர் எழுதி வைத்திராவிடில், வாய்மொழியில் வாழ்ந்த கதைகள் பலவும் சொன்னவரோடு மறைந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் உரைநடைக்கு மாயக்கதையின் வாயிலைத் திறந்தவர்களுள் பாரதியார் முதன்மையானவர். 1910ஆம் ஆண்டில் நூலாக வந்த ‘ஞானரதம்’, மனத்தேரில் ஏறிப் பல உலகங்களைச் சுற்றிவரும் ஒருவனின் கதை. கவலையற்ற உலகமும் இன்பமே நிறைந்த கந்தருவ உலகமும் கண்டவன், கடன்காரரும் அடிமைத்தனமும் உள்ள மண்ணுலகை மறக்க இயலாமல் தவிக்கிறான். ஆனால் பாரதியார் திறந்த வாயிலின் வழியே வெகு தூரம் நடந்தவர் புதுமைப்பித்தன்.

புதுமைப்பித்தனுக்கும் திருவனந்தபுரத்திற்கும் உள்ள தொடர்பு துயரம் கலந்தது. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயருடைய அவர் 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவர் துணைவியார் கமலா அம்மையார் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர். சென்னையில் இதழ்களில் பணிபுரிந்த காலத்தில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வந்துள்ளன. வேலையின் பொருட்டுக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கடிதங்கள் அவை. இறுதியில் திரைப்படப் பணிக்காகப் புனே சென்றிருந்தபோது காசநோய் முற்றி, திருவனந்தபுரம் திரும்பி, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இந்நகரிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42.

அவர் 1943ஆம் ஆண்டில் எழுதிய ‘சாப விமோசனம்’ நம் பொருளின் நடுநாயகம். கல்லாய்க் கிடந்த அகலிகை இராமனின் பாதத்தூளி பட்டுப் பெண்ணாகிறாள். இது அனைவரும் அறிந்த புராணம். புதுமைப்பித்தன் அதற்குப் பிந்திய வாழ்வைத் தொடர்கிறார். கோதமரும் அகலிகையும் மீண்டும் இல்லறம் நடத்துகின்றனர். ஆனால் ஊர்ப்பேச்சும், ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளர்த்தம் இருக்குமோ என்ற அச்சமும் அவளை நடுங்கச் செய்கின்றன. காடேகிய இராமனும் சீதையும் திரும்பி வந்து ஆசிரமத்தில் அவர்களைச் சந்திக்கின்றனர். தன்னைத் தீக்குளிக்கச் செய்ததைச் சீதை சொல்கிறாள். கேட்ட அகலிகையின் உள்ளம் உடைகிறது. தனக்கு மன்னிப்பு வழங்கிய அதே இராமன், குற்றமற்ற சீதையிடம் மெய்ப்பிக்கக் கேட்டானா? அவள் மீண்டும் கல்லாகிறாள்.

மாயம் இங்கே இருமுறை நிகழ்கிறது. முதல் மாயம் அருள். இரண்டாம் மாயம் மறுப்பு. பெண்ணுக்கு ஒரு நீதியும் மற்றொருவருக்கு வேறொரு நீதியும் உள்ள உலகில் தசையும் குருதியும் கொண்டு வாழ்வதைவிடக் கல்லாய்க் கிடப்பதே மேல் என்று அவள் தீர்ப்பளிக்கிறாள். கட்டுரை எழுதி வாதிட்டிருந்தால் நூறு எதிர்வாதங்கள் எழுந்திருக்கும். கல்லோடு யார் வாதிட முடியும்?

அதே காலத்தில் அவர் எழுதிய ‘காஞ்சனை’ வேறு வகையான கதை. எழுத்தாளன் ஒருவன் வீட்டுக்குப் பிச்சைக்காரி ஒருத்தி வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பேய் என்று கணவன் ஐயுறுகிறான். இரவுகளில் அஞ்சி விழித்துக் கிடக்கிறான். அவள் பேய்தானா, அவன் மனமயக்கம்தானா என்பதைக் கதை இறுதிவரை உறுதி செய்வதில்லை. 1970ஆம் ஆண்டில் தொதோரோவ் என்னும் இலக்கிய அறிஞர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலொன்றில், இயற்கையா மாயமா என்று வாசகர் தீர்மானிக்க இயலாமல் தயங்கும் அந்தக் கணமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்று விளக்கினார். அவர் அவ்வாறு விளக்குவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே தமிழில் அது கதையாகிவிட்டது.

அச்சமே புதுமைப்பித்தனின் ஒரே சுவை என்று எண்ணிவிட வேண்டாம். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னை பிராட்வே முனையில் தோன்றி, பிள்ளையோடு காப்பி அருந்தி, அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆகிறார். ‘காலனும் கிழவியும்’ கதையில், உயிர் கவர வந்த எமனை ஒரு கிராமத்துக் கிழவி சிறிதும் பொருட்படுத்துவதில்லை. உயிரை எடுத்துச் செல்லலாம், ஆனால் எதையேனும் அடியோடு அழிக்க முடியுமா என்று அவள் கேட்கும்போது எமனே வாயடைத்துப் போகிறான். நசிகேதன் எமனிடம் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, எமனைத் திணற அடித்த கேள்வியை எழுத்தறியாத கிழவியின் வாயில் வைத்தது தமிழ்.

காஞ்சனையோடு அருகருகே வைத்துப் படிக்க வேண்டிய மலையாள நாவல் ஒன்று உண்டு. மலையாற்றூர் இராமகிருஷ்ணன் 1967ஆம் ஆண்டில் எழுதிய ‘யட்சி’ அது. ஆய்வுக்கூட விபத்தில் அமிலம் பட்டு முகம் சிதைந்த கல்லூரி விரிவுரையாளர் சீனிவாசன் அதன் நாயகன். நேசித்தவள் விலகிச் செல்கிறாள். பின்னர் இராகிணி என்னும் பேரழகி அவனை விரும்பி வருகிறாள். அழகற்ற என்னை இவள் ஏன் விரும்ப வேண்டும்? மந்திர நூல்களைப் படித்துக்கொண்டிருந்த அவன் மனம், இவள் யட்சிதான் என்று முடிவு கட்டத் தொடங்குகிறது. ஐயம் கொலையில் முடிகிறது. அடுத்த ஆண்டே இது திரைப்படமாகவும் வந்தது.

பழைய கதையில் கொலையுண்ட பெண் பேயாகிறாள். இந்நாவலில் பேய் என்று பெயர் சூட்டப்பட்டதனால் ஒரு பெண் கொலையுண்கிறாள். நீலியின் கதை இங்கே தலைகீழாகத் திரும்பி, தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுகிறது. யட்சி காட்டில் இல்லை, பார்ப்பவன் கண்ணில் இருக்கிறாள் என்பதை மலையாற்றூர் அறிவியல் படித்த ஒருவனையே சான்றாக்கிக் காட்டிவிட்டார்.

அவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் அலுவலராக விளங்கியவர். கேரளத்தில் குடியேறிய தமிழ் ஐயர் குடும்பமொன்றின் கதையைச் சொல்லும் அவருடைய ‘வேர்கள்’ என்னும் நாவல் 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. நகரில் மாளிகை கட்டுவதற்காகப் பூர்விக நிலத்தை விற்க ஊருக்கு வரும் அதிகாரி, விற்க மனமின்றித் திரும்புவதே அதன் கரு. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இம்மரபு நம் காலத்திலும் தொடர்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியான குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகன், தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறவர். 1997ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘விஷ்ணுபுரம்’, கற்பனையான கோயில் நகரமொன்றின் எழுச்சியையும் அழிவையும் விரித்துரைக்கும் பெருநாவல். 2003ஆம் ஆண்டின் ‘காடு’ நாவலில் மலைக்குடிப் பெண்ணொருத்தி வருகிறாள். அவள் பெயர் நீலி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகப் பேயாய் அலைந்த பெயர், இங்கே காட்டின் உயிராகவும் ஓர் இளைஞனின் முதற்காதலாகவும் மலர்ந்திருக்கிறது.

நேயர்களே, இதுவரை கூறியவை புலமைச் செய்திகள் மட்டுமல்ல. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் மாயக்கதை படிக்காதவர்கள் அல்லர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கினின் மோதிரக் கதையையும், 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையையும் அவர்கள் விரும்பிப் படிக்கின்றனர். படிக்கட்டும், அவை நல்ல நூல்கள். ஆயின் மாயம் என்பதே பிற மொழிக்கு உரியது, தமிழில் இருப்பவை அறிவுரையும் இலக்கணமும் மட்டுமே என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டால், பின்னர் எந்த வகுப்பு நடத்தியும் அதை மாற்றுவது அரிது. மதிப்பெண்ணுக்காகக் கற்கும் மொழி தேர்வோடு முடிந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலோடு கற்கும் மொழி நிலைத்து நிற்கும்.

முந்திய தலைமுறைக்கு இவ்வகையில் ‘அம்புலிமாமா’ பெருந்துணையாக இருந்தது. 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அவ்விதழின் விக்கிரமாதித்தன்–வேதாளக் கதைகளைப் படித்தே தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றவர் பலர். அவ்விதழ் இன்று வெளிவரவில்லை. அதன் இடத்தைப் பெற்றோரே நிரப்ப வேண்டியிருக்கிறது. அது கடினமான பணியும் அன்று. வாரத்தில் ஓர் இரவு ஒரு கதையை வாய்விட்டுப் படித்தால் போதும். ‘காலனும் கிழவியும்’ சிறுவர்க்கு ஏற்றது. அவர்கள் நிச்சயம் சிரிப்பார்கள். சிறிது வளர்ந்தவர்க்கு அமுதசுரபியின் கதையை உரைநடையில் சொல்லலாம். கல்லூரிப் பருவத்தினர் ‘சாப விமோசனம்’ படிக்கட்டும். படித்த பின் வீட்டில் வாக்குவாதம் எழுமாயின் மிக நன்று. புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவுப் பதிப்புகளிலும் இணையத்திலும் எளிதில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் இல்லையெனில், வாங்கி வைக்குமாறு கேளுங்கள்.

நீலிக்கண்ணீர் என்னும் சொல்லை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அது நம் மொழியின் செல்வம். ஆனால் அச்சொல் கதையின் பிற்பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அவையில் நீலி வடித்த கண்ணீர் பொய்தான். அதற்கு முன்பு, கட்டிய கணவன் கையால் மாண்டபோது அவள் வடித்த கண்ணீர் மெய். அந்த முதற்பாதியை எந்த அவையும் விசாரிக்கவில்லை. எந்தச் சொல்லும் குறித்து வைக்கவில்லை. அதனை மறவாமல் காத்துவந்தவர்கள் பெயரறியாக் கதைசொல்லிகளும், நாம் மேலே கண்ட எழுத்தாளர்களுமே. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாரேனும் அச்சொல்லைச் சொல்லும்போது, அருகில் இருக்கும் குழந்தை ‘நீலி யார்?’ என்று கேட்டால், அவள் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள்.